தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் படம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் பற்றிய செய்திகளுக்கு நாளிதழ்கள் வழக்கமாகப் போடும் படம் ஒன்று உண்டு. ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல் முகம் சுளித்தபடி இருப்பார். பக்கவாத அவசர சிகிச்சையில் இருக்கும் எங்களுக்கு அந்தப் படத்தின் மேல்தான் முதல் புகார். பெரும்பாலான பக்கவாதம் வலிப்பதே இல்லை.

பக்கவாதங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதால் வருபவை. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. மாரடைப்பில் நெஞ்சு வலித்து ஆளை எச்சரிப்பதுபோல், அடைப்பால் வரும் வாதத்தில் மூளை எச்சரிப்பதில்லை. மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. கை மரத்தாற்போல் இருக்கும், சொல் வராது, நடை தடுமாறும். ஆனால் பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லை என்பதாலேயே 'கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்று தோன்றுகிறது. படுத்து எழுவதற்குள் மருந்துக்கான நேரம் போய்விடுகிறது.

முகம், கை, பேச்சு என்று மூன்று அடையாளங்களைப் பத்திரிகைகள் பலமுறை அச்சிட்டாகிவிட்டது. வாசகர்களுக்கும் அவை தெரியும். தெரியாதது, அவற்றை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பது. சும்மா உட்கார்ந்திருப்பவரை உற்றுப் பார்த்தால் பல சமயம் எதுவும் தெரியாது. செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முகத்துக்கு, 'சிரியுங்கள்' என்பதைவிட 'பல்லைக் காட்டுங்கள்' என்று சொல்வது நல்லது. கலங்கிப் போயிருப்பவருக்குச் சிரிப்பு வராது, பல்லைக் காட்ட வரும். பல் தெரியும் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் அழிந்தாற்போலும் இருந்தால் அதுவும் அடையாளமே. சிலருக்கு முகம் பிறவியிலேயே சற்றுக் கோணலாக இருக்கும். சந்தேகம் வந்தால் கைப்பேசியில் இருக்கும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பத்து விநாடி வேலை.

வாய் கோணினாலே பக்கவாதம் என்றும் சொல்லிவிட முடியாது. முகத்தை இயக்கும் நரம்பு மட்டும் வீங்கிப் பழுதாகும் முகவாதத்திலும் வாய் கோணும். அதில் பெரும்பாலும் அந்தப் பக்கத்து நெற்றி சுருங்காது, கண்ணும் முழுதாக மூடாது. பக்கவாதத்தில் நெற்றி வழக்கம்போலச் சுருங்கும்; ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. ஆனால் இதை வீட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மருத்துவமனையில் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கைச் சோதனையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'என் கையைப் பிடித்து அழுத்து பார்ப்போம்' என்பார்கள். அவர் அழுத்துவார். 'நல்ல பலம் இருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். இலேசான பலவீனம் பிடியில் தெரிவதில்லை. செய்ய வேண்டியது வேறு: உட்கார வைத்து இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்கட்டும். பாதிக்கப்பட்ட கை மெல்லக் கீழே இறங்கும். அதற்கும் முன்பே உள்ளங்கை உட்பக்கமாகத் திரும்பத் தொடங்கும். கவனிக்க வேண்டிய முதல் நகர்வு அதுதான். கண்ணை மூடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. திறந்திருந்தால் பார்த்துப் பார்த்துக் கையைச் சரிசெய்துகொள்வார். படுத்திருப்பவராக இருந்தால் காலையும் பாருங்கள்: ஒவ்வொரு காலாகப் படுக்கையிலிருந்து ஓரடி போலத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்த முடிகிறதா?

பேச்சில் இரண்டு வகைக் கோளாறு வரும், இரண்டும் வேறு வேறு. ஒன்று குழறல்: சொல் சரியாக இருக்கும், நாக்கு ஒத்துழைக்காது. மற்றது மொழியே கலைவது: நாக்கு தெளிவாக இருக்கும், சொல் தப்பாக வரும். சாவியைக் காட்டினால் 'அது... அந்த... திறக்கிறது' என்பார், அல்லது பொருளே இல்லாத சொற்களைச் சரளமாகப் பேசுவார். இந்த இரண்டாவது வகையைத்தான் 'புத்தி பேதலித்துவிட்டது', 'தூக்கக் கலக்கம்', 'கோபத்தில் பேசமாட்டேன் என்கிறார்' என்று வீட்டில் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கை கால் நன்றாக இருக்கும்போது மொழி மட்டும் கலைந்தால் பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 'பக்க'வாதம் என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

சோதிக்க ஒரு சாதாரண வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'இன்று வானம் தெளிவாக இருக்கிறது' போதும். நாப்பிறழ் வாக்கியம் வேண்டாம். வாழைப்பழமும் கிழவனும் வரும் வாக்கியத்தை நலமாக இருப்பவர்களே முதல் தடவையில் சரியாகச் சொல்வதில்லை. ழகரம் தடுக்குவது நோய் அல்ல. அடுத்து, பேனா, சாவி, கடிகாரம் என்று மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். பிறகு 'கண்ணை மூடுங்கள்', 'கைவிரல்களை மடக்குங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் செய்து காட்டினால் சோதனை கெட்டது. சொன்னது புரியாதவரும் உங்களைப் பார்த்து அப்படியே செய்துவிடுவார்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்படும்போது இன்னொரு விசித்திரம் நேரும். இடது கை விழுந்து கிடக்கும். அவரோ 'எனக்கு ஒன்றுமில்லை, சும்மா விடுங்கள்' என்பார். பிடிவாதமோ பயமோ காரணமல்ல. உடலின் இடப்பக்கம் இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார், பார்வை வலப்பக்கமே ஒதுங்கியிருக்கும், இடது கையை எடுத்துக் காட்டினால் 'இது என் கை இல்லை' என்றுகூடச் சொல்லக்கூடும். ஆகவே நோயாளியின் 'ஒன்றுமில்லை'க்கு இந்த நோயில் மதிப்பில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த மூன்று சோதனையிலும் சிக்காத பக்கவாதமும் இருக்கிறது. கழுத்தின் பின்பக்கமாக ஏறும் குழாய்கள் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் பார்வைப் பகுதிக்கும் ரத்தம் தருகின்றன. அடைப்பால் வரும் வாதத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பின்பக்கத்தில்தான். அதில் கை விழாமல், வாய் கோணாமல் இருக்கலாம். திடீரென்று தலை சுற்றும், வாந்தி வரும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், குரல் கரகரக்கும், விழுங்கும்போது புரையேறும். 'பித்தம்', 'காதுக் கோளாறு' என்று சொல்லி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுபவர்கள் இவர்களே. தலைசுற்றல் எல்லாமே வாதம் ஆகாது. பெரும்பாலானவை உட்காதின் கோளாறு. பிரித்தறிய வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டு பக்கமும் ஆள் நின்று எழுப்பி நிறுத்திப் பாருங்கள். காதுக் கோளாறில் தள்ளாடினாலும் பெரும்பாலும் நிற்பார். பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை, உட்கார வைத்தாலும் ஒரு பக்கம் சாய்கிறார், அல்லது தலைசுற்றலோடு இரட்டைப் பார்வையோ குழறலோ சேர்ந்திருக்கிறது என்றால் காது மருத்துவரிடம் போகாதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நின்றுவிட்டார் என்பதாலேயே வாதம் இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள்.

பார்வையையும் சொல்ல வேண்டும். ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் இருண்டு சில நிமிடங்களில் திரும்பினால், கழுத்து ரத்தக்குழாயிலிருந்து துகள் உடைந்து போயிருக்கலாம். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கப் பாதி மறைவது வேறு. அது மூளையின் பின்பகுதிக் கோளாறு. தனக்குப் பார்வை போனது பல சமயம் அவருக்கே தெரியாது. கதவு நிலையில் ஒரு பக்கம் மட்டும் இடித்துக்கொள்வார், வரியின் பாதியை விட்டுவிட்டுப் படிப்பார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னால் ஒற்றைக் கண்ணா இரண்டுமா என்பது விளங்கிவிடும்.

அந்தப் படத்தில் இருக்கும் தலைவலிக்கும் ஓர் இடம் உண்டு, மறுக்கவில்லை. மூளையைச் சுற்றி ரத்தம் கசியும்போது ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி வரும். வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை என்பார்கள். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் சேரலாம். மெல்லமெல்லக் கூடும் தலைவலி வேறு, இடி விழுந்தாற்போல் வரும் இது வேறு.

எல்லா அடையாளத்துக்கும் பொதுவான ஒரே சொல் 'திடீரென்று'. மூன்று மாதமாகக் கை மரக்கிறது என்றால் அது வேறு கதை. இப்போது, இந்த நிமிடம் தொடங்கியது என்றால் வயதைக்கூடப் பார்க்காதீர்கள். இளைஞர்களுக்கும் வரும், கழுத்து அடிபட்டோ முறுக்கப்பட்டோ குழாயின் உட்சுவர் கிழிந்து வருவதுண்டு, பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதுண்டு.

இனி நேரம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்து பயன் தரும் என்று 1995-ல் நிரூபணமானபோது கெடு 3 மணி நேரமாக இருந்தது. 2008-ல் அது நாலரை மணி நேரமானது. இந்த நாலரை மணியை வாசகர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம். நாலாவது மணியில் வாசலுக்கு வந்தால் போதாது. ஸ்கேன் எடுக்க, சர்க்கரை பார்க்க, ரத்த அழுத்தத்தை 185/110-க்குக் கீழே கொண்டுவர, எடைக்கேற்ப மருந்து கலக்க நேரம் வேண்டும். நன்றாக நடக்கும் மருத்துவமனைகளே வாசலிலிருந்து ஊசிவரை 60 நிமிடத்துக்குள் என்றுதான் இலக்கு வைத்திருக்கின்றன. அதோடு, மருந்தின் பயனும் நாலரை மணிவரை ஒரே அளவாக இருந்துவிட்டுச் சட்டென நிற்பதில்லை. முதல் ஒன்றரை மணியில் அதிகம், பிறகு குறைந்துகொண்டே போகும்.

அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? நோயைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல. அவர் கடைசியாக நலமாக இருந்ததை ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து. இரவு 10 மணிக்குப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை விழுந்து கிடக்கிறார் என்றால் எங்கள் கணக்கில் எட்டு மணி நேரம் ஆகிவிட்டது. அவரே அதிகாலை 4 மணிக்கு எழுந்து கழிப்பறைக்குப் போய், யாரிடமோ நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்று தெரிந்தால் இரண்டு மணி நேரம்தான். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த ஒரு தகவலில் மாறிப்போகும். வீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் கேளுங்கள்; கைப்பேசியில் கடைசியாகப் பேசிய நேரத்தைப் பாருங்கள்; அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். 'காலையிலிருந்து' என்று சொன்னால் எங்களால் எதுவும் செய்ய முடியாது.

நேரம் போய்விட்டதே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் தவறு. பெரிய குழாயில் இருக்கும் கட்டியைத் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழல் செலுத்தி வெளியே எடுக்கும் சிகிச்சை 2015 ஆய்வுகளுக்குப் பிறகு 6 மணி நேரம்வரை வழக்கமானது. 2018-லிருந்து, ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மிச்சமிருந்தால் 24 மணி நேரம்வரைகூட, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குச் செய்கிறார்கள். தூங்கி எழுந்தபோது கண்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துக் கரைக்கும் மருந்து தரவும் வழி உண்டு.

எந்த மருத்துவமனைக்கு என்பதை, யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு நாளில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்களா? கட்டி கரைக்கும் ஊசி அங்கேயே போடுவார்களா? குழல்வழிச் சிகிச்சை இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? இந்த மூன்று கேள்வி போதும். 'முதலில் பக்கத்தில் காட்டி பி.பி. பார்த்துவிட்டுப் போகலாம்' என்று நிற்கும் அரைமணி நேரம்தான் பிறகு குறைகிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது 'மயக்கம்' என்று சொல்லாமல் 'பக்கவாதமாகத் தெரிகிறது, இத்தனை மணிக்குக் கடைசியாக நன்றாக இருந்தார்' என்று சொன்னால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போகும், ஸ்கேன் மேசை தயாராக இருக்கும்.

வண்டி வரும்வரை செய்யக்கூடாதவையே அதிகம். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், ஒரு மடக்குத் தண்ணீர்கூட. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். மாரடைப்புக்குச் சொன்ன ஆஸ்பிரினை இதற்கும் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்கசிவா அடைப்பா என்று ஸ்கேன் இல்லாமல் எங்களுக்கே தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடு. ரத்த அழுத்தம் 200 காட்டுகிறதே என்று நாக்கின் அடியில் மாத்திரை வைப்பது அதைவிட மோசம். அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளத்தான் உடல் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறது. அதைச் சட்டென்று இறக்கினால், பட்டினி கிடக்கும் பகுதிக்குக் கிடைக்கும் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். கரைக்கும் மருந்து தராத நோயாளிகளுக்கு 220/120 வரை நாங்களே பெரும்பாலும் தொடாமல் விடுகிறோம். பத்து விரல்நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் வாதம் இறங்கும் என்று கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி முழுப் பொய். விழுந்துபோன கையைப் பிடித்து ஆளைத் தூக்காதீர்கள், தசை தாங்காத தோள்மூட்டு நழுவிவிடும். நினைவு தப்பியிருந்தால் அல்லது வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சர்க்கரை நோயாளி என்றால் மட்டும், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட பிறகு ஒரு துளி பாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வாதம்போலவே நடிக்கக்கூடும்; கைகூட ஒரு பக்கம் விழலாம். அந்த எண்ணை ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

கூடவே எடுத்து வர வேண்டியது மாத்திரைப் பை. வார்ஃபரின், அப்பிக்ஸாபான், டாபிகாட்ரான், ரிவரோக்ஸாபான் போன்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக எத்தனை மணிக்கு என்பது முக்கியம். கடந்த இரண்டு வாரத்தில் பெரிய அறுவை சிகிச்சை, மூன்று மாதத்தில் தலைக்காயம் அல்லது முந்தைய வாதம், அண்மையில் குடலில் ரத்தப்போக்கு இருந்ததா என்றும் கேட்போம். நேரத்தை வீணாக்குவதற்காகக் கேட்பதில்லை. 1995 ஆய்விலேயே கரைக்கும் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று பிரிக்கத்தான் அந்தக் கேள்விகள். உத்தேச எடையும் தெரிந்தால் நல்லது; அல்டிபிளேஸ் ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கு.

கடைசியாக, வந்துவிட்டுப் போய்விடும் வாதம். பத்து நிமிடம் சொல் வராது, பிறகு வந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எங்களுக்கு அதுதான் கவலை. இப்படி வந்து போனவர்களுக்கு முழு வாதம் வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில நாட்களில், குறிப்பாக முதல் 48 மணி நேரத்தில் வருகிறது. கழுத்துக் குழாயில் சுருக்கமா, இதயம் தாறுமாறாகத் துடித்து உள்ளே கட்டி உருவாகிறதா என்று அன்றே பார்த்து அன்றே மருந்து தொடங்கினால் தடுக்கக்கூடியது அது. அடுத்த வாரம் நேரம் வாங்கிக்கொண்டு போகிற விஷயமல்ல. 'சி.டி. நார்மல்' என்று எழுதிக் கொடுத்தாலும் அதோடு எழுந்து போய்விடாதீர்கள். சி.டி. ரத்தக்கசிவை உடனே காட்டும்; அடைப்பை முதல் சில மணி நேரத்தில் காட்டாமலே இருக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குப் பதில் வேறு படம் கேட்கிறோம்: கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டியிருக்கும் ஒருவர், அதில் ஒரு கை நாலு விரற்கடை இறங்கி உள்ளங்கை உட்பக்கம் திரும்பியிருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'கடைசியாக நன்றாக இருந்த நேரம்: ______' என்று அச்சிட்டுவிடுங்கள். வெட்டி எடுத்து மாத்திரைப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பக்கவாத அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்